அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி மருந்து: ஏட்டில் ஏறாத எதிர்விளைவுகள்

புது தில்லி: எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் தங்கியிருக்கும் பிகார், உத்தரப் பிரதேச நோயாளிகளின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். ஊரில் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, எடுத்த ஸ்கேன், வாங்கிய மருந்து எல்லாவற்றின் காகிதங்களும் அதற்குள் அடக்கம். ஆபரேஷன் முடிந்ததும் போட்ட வலி ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர் சொல்லக்கூடும். எந்த ஊசி, எவ்வளவு, போட்ட பின் என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த உறைக்குள் விடை கிடைப்பது அரிது. அடுத்த அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகும் மருத்துவருக்குத் தேவைப்படுவதோ அந்த விடைதான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரப்படும் கடும் வலி மருந்துகள் பெரும்பாலும் இரு வகை. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், பென்டசோசின் முதலியவை அபினி வகையைச் சேர்ந்தவை. டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்றவை அழற்சி தணிப்பவை. இரண்டுமே தேவையானவை, இரண்டுமே ஆளையும் அளவையும் பார்த்துத் தரவேண்டியவை.

முதல் வகையில் அஞ்சவேண்டியது மூச்சு மந்தமாவது. நோயாளி வலியின்றி உறங்குகிறார் என்று உறவினர் நிம்மதி அடையும் முதல் இரவே ஆபத்தான நேரமாகவும் அமையலாம். தட்டினால் விழிக்கிறாரா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று செவிலியர் பார்த்துவந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்புவதற்கில்லை. ஆக்சிஜன் செலுத்தப்படும் நோயாளிக்கு மூச்சு வெகுவாகக் குறைந்த பின்னரும் அக்கருவி சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். மாற்று மருந்தான நலாக்சோன் சில நிமிடங்களில் பலன் தரும் என்றாலும், மார்ஃபினின் வேகம் தணிவதற்கு முன்பே அதன் வேகம் தணிந்துவிடலாம் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும். ஒரே செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்கும் வார்டில், இரவு இரண்டு மணிக்கு மூச்சை எண்ணுவது யார்?

நம் நாட்டு மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கும் டிரமடாலின் கதை வேறு. மத்திய அரசு 2018 ஏப்ரலில் இதைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. வாந்தியும் தலைசுற்றலும் இதில் சாதாரணம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், மன அழுத்தத்துக்குச் சிலவகை மருந்துகள் உட்கொள்பவர்களுக்கும் வலிப்பு வரும் அபாயம் கூடுதல். கல்லீரல் இதை வேறொரு பொருளாக மாற்றிய பிறகுதான் முழுப் பலன் கிடைக்கும். அந்த மாற்றத்தின் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மெதுவாக மாற்றுபவருக்கு வலி குறையாது. மிக விரைவாக மாற்றும் குழந்தைக்கு வழக்கமான அளவே மூச்சைத் தடுத்துவிடலாம். 12 வயதுக்கு உள்பட்டவர்களுக்கும், டான்சில் நீக்கப்பட்ட 18 வயதுக்கு உள்பட்டவர்களுக்கும் இதைத் தரக் கூடாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது இதனால்தான்.

டைக்ளோஃபினாக் வகையினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இரைப்பையில் ரத்தம் கசியலாம். ஆஸ்பிரின் ஒவ்வாத ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத் திணறல் வரலாம். அறுவைச் சிகிச்சையில் ரத்தமும் நீரும் இழந்த முதியவரின் சிறுநீரகத்துக்கு இது இரட்டைச் சுமை. இதே மருந்து கால்நடைகளின் உடல் வழியாகச் சென்று பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து அவ்வினத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் கால்நடைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015-இல் அவையும் தடுக்கப்பட்டன. மருந்து நிறுவனங்கள் எதிர்த்தபோதிலும் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அத்தடையை உறுதி செய்தது. செத்து விழுந்த கழுகுகளை எண்ணிக் கணக்கு வைக்க ஆள் இருந்தார்கள், அரசு அசைந்தது. வார்டில் அந்தக் கணக்கு எங்கே?

ஒவ்வாமை எனும் முத்திரை: கணக்கில்லாமல் போவதால் விளையும் கேடு இருமுனையானது. மார்ஃபின் போட்ட பின் வரும் குமட்டலும் அரிப்பும் பெரும்பாலும் உண்மையான ஒவ்வாமை அல்ல. அளவைக் குறைத்தும் துணை மருந்து தந்தும் சமாளிக்கக் கூடியவை. ஆனால் 'ஒவ்வாமை' என்று ஒருமுறை எழுதிவிட்டால், பின்னாளில் புற்றுநோய் வந்தாலும் அந்த நோயாளிக்கு அம்மருந்து மறுக்கப்படலாம். மறுபுறம், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை கண்டவரின் சீட்டில் மருந்தின் பெயரே இல்லாவிட்டால், அதே மருந்து வேறொரு வணிகப் பெயரில் அவர் உடலில் மீண்டும் ஏறும்.

மார்ஃபின் மீதான அச்சத்துக்குச் சட்டமும் காரணம். மருந்துக்கான அபினியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்துடன் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்யும் நாடு இது. ஆயினும் 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்த பின் உள்நாட்டு மார்ஃபின் பயன்பாடு சரிந்து, 1997-இல் வெறும் 18 கிலோவானது. உரிமங்களுக்கு அலைய மனமின்றி மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோரின் நெடிய முயற்சிக்குப் பின் 2014-இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபினைப் பயன்படுத்திப் பழகாத ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதற்குள் உருவாகிவிட்டனர். பழக்கமில்லாத கையில் மருந்து குறைந்தாலும் கூடினாலும் நோயாளிக்குத்தான் துன்பம்.

எதிர்விளைவுகளைப் பதிவு செய்ய அமைப்பு இல்லாமல் இல்லை. மருந்து விளைவுக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் எய்ம்ஸை மையமாகக் கொண்டு தொடங்கி, 2011 ஏப்ரலில் காஜியாபாதில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையத்துக்கு மாற்றப்பட்டது. தகவல் வந்து சேர்ந்தால் அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் பெருமளவில் உட்கொள்ளப்படும் மெஃபனாமிக் அமிலத்தால் தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் ஒவ்வாமை வரலாம் என 2023 நவம்பரில் ஆணையம் எச்சரித்தது, இத்திட்டத்தில் சேர்ந்த பதிவுகளை ஆராய்ந்தே. அனால்ஜின் மருந்தை 2013 ஜூனில் நிறுத்திவைத்து, 2014 பிப்ரவரியில் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதித்த அலைக்கழிப்பு வேறு ரகம்.

பதிவு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவரின் விருப்பத்தையே சார்ந்திருக்கிறது. தன்மீது பழி வருமோ என்ற தயக்கமும் வேலைப் பளுவும் அவரைத் தடுக்கின்றன. படிவத்தில் தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை என்பது பலருக்குத் தெரியாது. நோயாளியோ உறவினரோ நேரடியாகவும் தெரிவிக்கலாம். அதற்கெனத் தனிப் படிவமும், 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உள்ளன. ஆனால் மருந்தின் பெயர் தெரியாமல் எதைத் தெரிவிப்பது? அது மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பேட்டில் இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்கின்றன, இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த விதிகள்.