காதுக்கு எப்போது லீவு?
மாலை ஷிஃப்டில் கேப்ஷன் எழுதுபவர்களுக்கான உடல்நலக் குறிப்புகள்

மாலை ஆறு மணி. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் பாதி ஊர் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் போகும் ஒரு கேபில், மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு ஒரு பெண். "என்னம்மா, நைட் ஷிஃப்டா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "இல்லக்கா, ஈவினிங்தான்" என்பார். என்ன வேலை என்று கேட்டால், "வீடியோவைக் கேட்டு டைப் பண்றதுதான்." கஷ்டமா என்றால், "உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்."

இந்த மூன்று 'தான்'களும் பொல்லாதவை. மாலை ஷிஃப்ட் என்பதால் உடல் சும்மா இருப்பதில்லை. கேட்டு எழுதுவது எளிய வேலையும் இல்லை. உட்கார்ந்திருப்பதால் உடல் ஓய்வெடுக்கிறது என்றும் பொருள் இல்லை.

யார் இந்தக் கேப்ஷனர்?

திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தயாரிப்பவரே கேப்ஷனர். பேசிய வசனத்தோடு கைதட்டல், கதவு தட்டும் சத்தம், இசை ஆகியவற்றையும் அவர் எழுத்தாக்குவார். காது கேளாதவர்களுக்கு அந்த வரிகள்தாம் ஒலி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேண்டியவர்கள் மட்டும் பார்க்கும் கேப்ஷன் 1980 மார்ச்சில் தொடங்கியது. 1982-ல் ஆஸ்கர் விழாவுக்கு நேரலையிலேயே எழுதிக் காட்டினார்கள். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் தொடர்ச்சியாக, செவித்திறன் குறைந்தோருக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சித் தரங்களை 2019-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்டது.

இந்த வேலையில் இரண்டு வகை உண்டு. நேரலைக் கேப்ஷனர் ஸ்டெனோ இயந்திரத்தில் நிமிடத்துக்கு 180 சொற்களுக்கு மேல் தட்டுவார். அல்லது கேட்டதைக் கேட்டபடி மைக்கில் திருப்பிச் சொல்ல, மென்பொருள் அதை எழுத்தாக்கும். அமெரிக்காவில் மாலைச் செய்தி, விளையாட்டு, நகர மன்றக் கூட்டம் எல்லாம் மாலையில்தான் சூடு பிடிக்கும் என்பதால் அங்கே இவர்களுக்கு மாலை ஷிஃப்ட் சகஜம். இன்னொரு வகையினர் பதிவான வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுபவர்கள். சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்களின் கதை பெரும்பாலும் இது. இப்போது மென்பொருள் முதல் வரைவைப் போட்டுத் தர, மனிதர் திருத்துகிறார். வேலை குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் நூறு வரி சரியாக இருக்கும்போது நூற்றியோராவது வரியின் தவற்றைப் பிடிக்க வேண்டும். அந்தக் கண்காணிப்பே தனிச் சோர்வு.

பெயர் மாலை, உடலுக்கு இரவு

நியூயார்க்கின் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது கோடையில் நமக்கு மாலை 6.30 முதல் அதிகாலை 2.30 வரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும், நம் ஷிஃப்ட் 7.30 முதல் 3.30 வரை என்று ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி முன்னே வரும். ஊரில் யாருக்கும் தெரியாமல், வருடத்துக்கு இரண்டு முறை இவர்களுக்கு மட்டும் பொழுது மாறுகிறது.

நம் மூளையின் நடுப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடல் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் மெலடோனின் சுரக்கச் செய்வதும், அதிகாலையில் உடல் வெப்பத்தை மிகக் கீழே இறக்குவதும் அதன் வேலை. செல்களுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அலுவலகத்தின் வெள்ளை விளக்கும் திரையும் இந்தக் கடிகாரத்திடம் "இன்னும் பொழுது சாயவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

பல ஆண்டுகள் தொடரும் இரவுப் பணி நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும் மீண்டும் 2019-லும் இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது. பயந்து வேலையை விட வேண்டும் என்பதல்ல பொருள். பத்து, பதினொரு மணிக்கு முடியும் ஷிஃப்ட் உண்மையிலேயே மாலை ஷிஃப்ட், சமாளிப்பது எளிது. இரண்டரைக்கு முடிவதை இரவு ஷிஃப்ட் என்றே நினைத்து, அதற்கான எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும்.

இமை இல்லாத உறுப்பு

கண்ணை மூடிக்கொள்ளலாம்; காதுக்கு இமை இல்லை. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழில் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்.

கேப்ஷனருக்கு வம்பு நல்ல ஒலிப்பதிவில் இல்லை. வகுப்பறையின் கடைசி வரிசையில் வைத்த மைக்கில் பேராசிரியர் முணுமுணுக்கிறார். வால்யூமைக் கூட்டுகிறோம். அடுத்த நொடி கைதட்டல் காதைப் பிளக்கிறது. அதே நான்கு நொடியைப் பதினைந்து முறை ஓட்டிக் கேட்கிறோம். காதுக்குள் இருக்கும் மெல்லிய உணர்செல்கள் ஒருமுறை பட்டுப்போனால் திரும்ப முளைப்பதில்லை.

செய்ய வேண்டியவை சிலவே. வெளிச்சத்தத்தை அடைக்கும், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் நல்லது. சுற்றிலும் இரைச்சல் இல்லாவிட்டால் வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது. தெளிவில்லாத ஒலியை மென்பொருளில் சரிசெய்து பார்க்கலாம். நான்கைந்து முறை கேட்டும் பிடிபடாவிட்டால் 'தெளிவில்லை' என்று குறியிட்டு, பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கச் சொல்லலாம். புதுக் காதுக்கு ஒரே தடவையில் விளங்கிவிடுவது உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள். அந்த இடைவேளையில் இயர்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டால் காதுக்கு அது இடைவேளை ஆகாது. ஹெட்ஃபோனைப் பங்கு போடாதீர்கள். புழுக்கம் மிகுந்த நம் ஊரில் காதில் பூஞ்சைத் தொற்று சுலபமாக வரும். பட்ஸ் போட்டுக் குடைவது அதை இன்னும் வளர்க்கும்.

மரத்துப்போகும் விரல்கள்

மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநாருக்கும் இடையே ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. அதன் வழியே போகும் நரம்பு நெருக்கப்படும்போது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். தூக்கத்தில் எழுந்து கையை உதறத் தோன்றுவது இதன் முக்கிய அடையாளம். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவை இருந்தால் வாய்ப்பு கூடும்.

மணிக்கட்டு மேலேயும் கீழேயும் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். முழங்கை உயரத்துக்குக் கீபோர்டு இருந்தால் அது தானாக நேராகும். கட்டிலில் சாய்ந்து லேப்டாப்பில் டைப் செய்வதுதான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் பெரிய எதிரி. நிறுத்தவும் ஓட்டவும் கால் பெடல் வாங்கிக்கொண்டால் விரலுக்கு ஆயிரக்கணக்கான தட்டல்கள் மிச்சமாகும்.

கண்ணைப் பொறுத்தவரை, திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கு மேல் குறைந்துவிடும். எரிச்சலும் மங்கலும் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். திரை ஒரு கை தூரத்திலும், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கட்டும்.

குரலையே கருவியாக்கியவர்கள்

திருப்பிச் சொல்லிக் கேப்ஷன் தருபவர்கள் மணிக்கணக்கில் ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லிப் பேசுகிறார்கள். இயந்திரத்துக்குப் புரிய வேண்டும் என்று குரலைத் தட்டையாக்குவது குரல்நாணுக்குப் பாரம். ஏசி காற்று தொண்டையைக் காயவைக்கும். அடிக்கடி கனைப்பது குரல்நாண்களை ஒன்றோடு ஒன்று மோதவைப்பதுதான். கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. நேரலையில் இருக்கும்போது எழுந்து போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு, குறிப்பாகப் பெண்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் தலைவலிக்கும் அதுவே வாசல். நாக்கு குழறாமல் இருக்கவும் தண்ணீர்தான் வேண்டும்.

கேட்டதெல்லாம் எங்கே போகிறது?

கேப்ஷனர் தன் விருப்பப்படி கேட்பதில்லை. விபத்துச் செய்தி, நீதிமன்ற வாக்குமூலம், புற்றுநோய் பற்றிய மருத்துவர் உரையாடல், எது வந்தாலும் ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும். திருப்பிச் சொல்பவராக இருந்தால், "என் மகனைக் காணவில்லை" என்பதைத் தன் வாயாலேயே 'என்' என்று சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் உணர்ச்சிக்கு இடமில்லை. வரி ஓடிக்கொண்டே இருக்கிறது. அடக்கி வைத்தது ஷிஃப்ட் முடிந்த பிறகு வீட்டில் எரிச்சலாகவோ, காரணமில்லாத அழுகையாகவோ வரும்.

ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இருப்பதால் வீட்டில் சொல்ல முடியாது என்று பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கேட்டதைச் சொல்லக்கூடாது, சரி. கேட்டதால் மனம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லத் தடையில்லை. சக ஊழியரிடம், குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். தாங்க முடியாத நாளில் அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

கவனத்துக்கும் எல்லை உண்டு. மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்கிறார்கள். நேரலைக் கேப்ஷனுக்கும் அந்த முறைதான் நியாயம்.

நள்ளிரவுப் பரோட்டாவும் பத்து மணி டீயும்

இரவில் இன்சுலின் மந்தமாக வேலை செய்யும். அதே பரோட்டாவை மதியம் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட நள்ளிரவில் சாப்பிட்டால் அதிகம் ஏறும். அதனால் பகல் சாப்பாட்டையே பெரிய சாப்பாடாக வைத்து, இரவு உணவை எட்டு மணி வாக்கில் முடித்துவிடுவது நல்லது. பதினொரு மணிக்குப் பசித்தால் சுண்டல், வாழைப்பழம், மோர் போதும். சாப்பிட்ட உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். நான்கு மணிக்குப் படுப்பவருக்குக் கடைசி டீ ஒன்பதரை, பத்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்த பிறகு

உண்மையில் உடல்நலம் கெடுவதும் தேறுவதும் லாக்-அவுட் செய்த பிறகு வரும் இரண்டு மணி நேரத்தில்தான். எட்டு மணி நேரம் பிறர் பேச்சைத் துரத்திய மூளை உடனே நின்றுவிடாது. மின்விசிறிச் சத்தத்தைக்கூட வரியாக்கப் பார்க்கும்; விரல்கள் போர்வையின் மேல் தட்டும். அந்த நேரத்தில் நாம் செய்வது என்ன? களைப்பு போக ஒரு சீரியல் என்று இயர்ஃபோனை மாட்டி, மறுபடி காதுக்கு வேலை வைக்கிறோம். அதில் சப்டைட்டில் தவறாக வந்தால் மனத்துக்குள் திருத்தவும் செய்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் பேச்சே இல்லாத நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான குளியல், மங்கிய விளக்கு, மறுநாளுக்குத் துணி மடிப்பது. இப்படிச் சொற்கள் தேவைப்படாத ஏதாவது. அறைக்குக் கனத்த திரை போடுங்கள். ஆறு மணிக்குக் குக்கர் விசிலும், ஏழு மணிக்குத் தண்ணீர் மோட்டாரும், எட்டு மணிக்குக் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும் வரும் என்பது தெரிந்ததுதானே? மெத்தென்ற நுரைப் பஞ்சுக் காதடைப்பான் மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

நான்கு முதல் பதினொன்றரை வரை தூங்குவதென்றால் விடுமுறை நாளிலும் அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் விலகாதீர்கள். எழுந்ததும் வெயிலில் கால் மணி நேரம் நடங்கள். மெலடோனின், தூக்க மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு டூவீலர் ஓட்டுவதைத் தவிருங்கள். கண் திறந்திருக்கும்போதே சில நொடி மூளை தூங்கிவிடும் நேரம் அது.

வீடும் அலுவலகமும்

"பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கிறாய், கேஸ் வந்தால் வாங்கி வை" என்பது வீட்டில் வரும் நான்காவது 'தான்'. பகலில் தூங்குபவரை எழுப்புவது நடுநிசியில் ஒருவரை எழுப்புவதற்குச் சமம் என்று வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். நிறுவனங்கள் மணிக்கொரு இடைவேளை, நேரலைக்கு இரண்டு ஆள், வருடத்துக்கு ஒருமுறை கேட்புத்திறன் பரிசோதனை, வீடு வரை கேப் ஆகிய நான்கையும் தந்தால் பிழையும் குறையும், ஆட்களும் நிற்பார்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

காதில் இரைச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், குரல் மூன்று வாரமாகக் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். விரல் மரப்பு இரவில் எழுப்பினாலோ, கையில் இருந்து பொருள் நழுவினாலோ தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் தொடர்ந்து தவறினால், மூன்று வாரத்துக்கு மேல் தூக்கமோ மனமோ சரியில்லையென்றால் மருத்துவரிடம் ஷிஃப்ட் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்காமலும் போகலாம். "ஈவினிங்தான்" என்று சொல்லாமல், "இரண்டரை மணி வரை ஹெட்ஃபோனோடு வேலை" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். மற்றவர் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதுபவர், தன் உடலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஏன் சுருக்க வேண்டும்?