ஜன்னலில் வழியும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி அனுப்பும் வீட்டு வேலைகள் பெரும்பாலும் அடுப்படியைச் சேர்ந்தவை. சாதத்துக்கு எத்தனை விசில், குளிரில் மாவு எப்படிப் புளிக்கும் என்பது போல. அங்கே தனி அறை எடுத்துத் தங்கிய பின், நவம்பர் வாக்கில் இன்னொரு வேலை வந்து நிற்கும். அதை நாம் கற்றுக்கொடுத்திருக்க மாட்டோம். நம் வீடுகளில் அப்படியொரு வேலையே கிடையாது. அறைக்குள் இருக்கும் காற்றை மாற்றுவதுதான் அது.

காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கியிருக்கும். சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில், கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூசணம். வீடியோ காலில் பிள்ளை அதைக் காட்டும்போது, "வெளியே இவ்வளவு பனி, ஜன்னலை நல்லா சாத்தி வைப்பா" என்போம். அக்கறையில் வரும் சொல்தான். ஆனால் அதன்படி நடந்தால் பூசணம் இன்னும் வேகமாகப் படரும். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது அறைக்குள்ளேயே பிறந்து, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது.

சித்திரை வெயிலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதைப் பார்த்திருப்போம். பாட்டில் கசியவில்லை. அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிவிட்டது. ஜெர்மன் அறையில் அந்த பாட்டிலின் இடத்தில் இருப்பது ஜன்னல் கண்ணாடி. அதற்கு அடுத்தபடியாகக் குளிர்ந்திருப்பது வெளிச்சுவரின் மூலை.

காற்றால் எவ்வளவு நீராவியைத் தாங்க முடியும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மாணவர் அறை ஒன்று 12 சதுர மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் அது தாங்கக்கூடிய நீர், மிஞ்சிப்போனால் அரை லிட்டர்.

இனி அந்த அறைக்குள் நாம் விடும் நீரைப் பார்ப்போம். தூங்கும்போது மூச்சிலும் தோலிலுமாக இரவுக்கு ஒரு பெரிய டம்ளர் அளவு நீர் வெளியேறுகிறது. சாதம் வடிப்பது, சாம்பார் கொதிப்பது, வெந்நீரில் குளிப்பது எல்லாம் அதன்மேல் சேரும். இவற்றையெல்லாம் மிஞ்சுவது துணி. மெஷின் நன்றாகப் பிழிந்து கொடுத்த பிறகும் ஒரு முறை துவைத்த துணியில் இரண்டு லிட்டர் வரை நீர் இருக்கும். அதை அறைக்குள் ஸ்டாண்டில் விரித்தால் அத்தனையும் காற்றில்தான் கலக்க வேண்டும். அரை லிட்டருக்குமேல் இடமில்லாத காற்று மீதியைக் கண்ணாடியிலும் சுவரிலும் மெத்தையிலும் இறக்கிவிடுகிறது.

சரி, வெளியே மூடுபனி கவிந்திருக்கிறதே, ஜன்னலைத் திறந்தால் அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே வராதா? எல்லோரும் தயங்கும் இடம் இது. கொஞ்சம் நின்றே பார்க்கலாம். 0 டிகிரி மூடுபனிக் காற்று முழுக்க நனைந்த காற்றுதான். ஆனாலும் அதில் இருக்கும் நீராவி கன மீட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதே காற்று அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது, 17 கிராம் தாங்கும் இடத்தில் 5 கிராம்கூட இல்லை. அதாவது ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே. வெளியே சொட்டச் சொட்ட இருந்த காற்று உள்ளே வந்ததும் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. குளிர்காலத்தில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த உலர்த்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அந்தக் குளிர்காற்றுதான்.

நம் உள்ளுணர்வு ஏன் எதிராகச் சொல்கிறது? சென்னையில் ஐப்பசி மழையின்போது வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 20 கிராமுக்கும் மேல் நீராவி இருக்கும்; உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே சூடு. அங்கே சாத்துவது சரியான பழக்கம். தவிர, ஜன்னலுக்குமேல் வென்டிலேட்டர், கதவடியில் இடுக்கு என்று நம் வீடுகள் தாமாகவே மூச்சு விடுகின்றன. ஜெர்மன் ஜன்னலோ ரப்பர் பட்டையோடு இறுகச் சாத்திக்கொள்ளும். அதனால் அங்கே மூச்சு விடவைப்பது குடியிருப்பவர் வேலை. வாடகை ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட்டிருப்பதும் உண்டு.

செய்முறை எளிது. ஜன்னலை முழுசாகத் திறக்க வேண்டும். முடிந்தால் எதிரே இருக்கும் கதவையோ ஜன்னலையோ சேர்த்து. கடுங்குளிரில் ஐந்து நிமிடம் போதும். எழுந்ததும், சமைத்ததும், படுக்குமுன்னும் செய்யலாம். ஜெர்மானியர்கள் இதை ஷ்டோஸ்லுஃப்டன் என்பார்கள். திறக்குமுன் ஹீட்டரின் திருகை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்காற்று பட்டதும் அது அறை குளிர்ந்துவிட்டதென்று முழுவேகத்தில் சூடாக்கத் தொடங்கும்.

சூடெல்லாம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். அறையின் சூடு பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் இருக்கிறது. 30 கன மீட்டர் காற்றை 0 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். செலவு வைப்பது வேறொன்று. ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் சாய்ந்து திறக்கும். காற்றும் வரும், குளிரும் தெரியாது என்று நாள் முழுக்க அப்படியே விட்டுவைக்கத் தோன்றும். காற்று மெல்லத்தான் மாறும். ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் சில்லிட்டுப்போய், அங்கேயே பூசணம் பிடிக்கும்.

பூசணத்துக்குச் சொட்டும் நீர்கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டினாலே முளைத்துவிடும். அதனால் அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போடுவது நல்லது. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. அது 40க்கும் 60க்கும் இடையில் நின்றால் நிம்மதி. துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். பல கட்டடங்களில் நிலவறையிலோ கூரைக்குக் கீழேயோ துணி காயவைக்கத் தனி அறை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

புள்ளிகள் வந்துவிட்டால், சின்ன இடமென்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 அல்லது 80 சதவீத ஆல்கஹாலைத் துணியில் தோய்த்துத் துடைக்கலாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல். அரை சதுர மீட்டருக்குமேல் பரவியிருந்தாலோ, முறையாகக் காற்று மாற்றியும் திரும்பத் திரும்ப வந்தாலோ, கோளாறு கட்டடத்தில் இருக்கலாம். படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள். அவர் உங்கள் தலையிலேயே பழியைப் போட்டால், ஊரில் உள்ள வாடகைதாரர் சங்கம் உதவும்.

ஜூலை வந்ததும் கணக்கு தலைகீழாகும். சாமான் போட்டுவைக்கும் நிலவறையின் சுவர் அப்போதும் குளிர்ந்தே இருக்கும்; வெளிக்காற்றோ சூடும் ஈரமுமாக இருக்கும். மத்தியானத்தில் அங்கே ஜன்னலைத் திறந்தால் நாமே ஈரத்தை உள்ளே கூப்பிட்டது போலாகும். நிலவறையைத் திறக்க விடியற்காலைதான் ஏற்ற நேரம்.