கடதாசியில் ஆடும் ஹொக்கி

ஹொக்கி என்றதும் நம் நாட்டு மாணவரின் மனக்கண் முன் பசும்புல் தரையும், வளைந்த தடியும், சிறு வெண்பந்துமே தோன்றும். மாத்தளை மக்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவ்விளையாட்டைப் பற்றி இரவு முழுவதும் உரைக்கக் கூடியவர்கள். ஆனால் இன்று நாம் சொல்லவந்த ஹொக்கி வேறு. அது உறைபனித் தளத்தில், காலிற் கூரிய இரும்பலகு பொருத்திய சப்பாத்துகளோடு சறுக்கிச் சறுக்கி ஆடப்படுவது. பந்துக்குப் பதில் கரிய இறப்பர் வட்டு ஒன்று. பக்கத்துக்கு ஆறு பேர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். கனடா தேசத்தவருக்கு இது வெறும் விளையாட்டன்று. சனிக்கிழமை இரவு ஹொக்கி ஒளிபரப்புக்கு முன் குடும்பமாக அமர்வது 1952ஆம் ஆண்டு தொட்டு அங்கே ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. ரொறன்ரோ நகரிற் சென்று குடியேறிய நம்மவரின் பிள்ளைகளுக்கும் அவ்வழக்கம் தொற்றிக்கொண்டது இயல்பே.

அந்த ஹொக்கியின் நிழலில் இன்னொரு ஹொக்கி ஆடப்படுகிறது. அதற்குப் பனியும் வேண்டாம், தடியும் வேண்டாம். ஒரு கடதாசியும் பென்சிலும் போதும்; இந்நாளிற் கைத்தொலைபேசி போதும். அதனைக் கற்பனை அணிப் போட்டி என்பர்.

முறை இதுதான். நண்பர் பத்துப் பேர் ஒன்று கூடுகிறார்கள். பருவம் தொடங்குமுன், வட அமெரிக்கத் தேசிய ஹொக்கிக் கழகத்தில் ஆடும் உண்மையான வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் பட்டியலுக்குத் தெரிவு செய்கிறார்கள். முதற் சுற்றில் முதலாவதாகத் தெரிந்தவர் அடுத்த சுற்றிற் கடைசியாகத் தெரியவேண்டும். பாம்பு நெளிவதுபோல் வரிசை மாறி மாறி ஓடும். ஒருவர் எடுத்த வீரரை மற்றவர் எடுத்தலாகாது. பின்னர் திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒவ்வொரு கிழமையும் இருவர் இருவராக மோதுவர். தம் பட்டியலிலுள்ளவர் உண்மைக் களத்திற் போட்ட கோல்கள், கோலுக்குக் கொடுத்த உதவிகள், எய்த எறிகள் ஆகியவற்றைக் கூட்டுவர். கோல் காப்பாளர் என்றால் அவர் பெற்ற வெற்றிகளும், விட்ட கோல்களின் சராசரியும், தடுத்த விகிதமும் கணக்கில் ஏறும். எந்தப் பிரிவில் எவர் மேல் என்று பார்த்துக் கிழமையின் வெற்றி தீர்மானிக்கப்படும். பந்தயப் பணம் வைத்து ஆடுவோரும் உளர். அவர்களை நாம் மெச்சவில்லை.

இக்கணக்கையே திணறடித்த மனிதர் ஒருவர் இருந்தார். வெயின் கிரெட்ஸ்கி என்பது அவர் பெயர். 1985-86ஆம் பருவத்தில் அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 215. இரண்டாமிடத்தில் நின்ற மரியோ லெமியூவுக்கு 141. கிரெட்ஸ்கியின் கோல்களை முற்றாகத் தள்ளிவிட்டு உதவிகளை மாத்திரம் எண்ணினாலும் 163 வரும்! அவரைத் தெரிவு செய்தவன் வென்றான். மற்றவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆகவே பல நண்பர் குழுக்களில் அவரை இரண்டு ஆளாகவே பிரித்துவிட்டார்கள். கோல் போடும் கிரெட்ஸ்கி ஒருவர் பட்டியலில். உதவி செய்யும் கிரெட்ஸ்கி மற்றொருவர் பட்டியலில். உயிருள்ள மனிதன் ஒருவனைப் பாகப்பிரிவினை செய்து பங்கிட்டுக்கொண்ட விளையாட்டு வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம்.

இனி ஒரு கிழமையின் கதைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி திங்கட்கிழமை தொடங்கி 23ஆந் திகதி ஞாயிறு முடிந்த கிழமை அது. களத்தில் நடந்தவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. அவற்றை இரு கண்களாற் பார்ப்பதற்காக, ஸ்காபரோவில் ஒரு வீட்டிலே தந்தையும் மகனும் அக்கிழமை எதிரெதிராக மோதினர் என்று நாம் கற்பித்துக் கொள்வோம். தந்தையின் பட்டியலில் வாஷிங்ரன் அணியின் அலெக்சாண்டர் ஒவெச்கினும், பொஸ்ரன் அணியின் கோல் காப்பாளர் ராஸ்க், ஹலாக் இருவரும். மகனின் பட்டியலில் டைலர் டொஃபொலியும், கரோலினா அணியின் கோல் காப்பாளர் பீற்றர் மிராசெக்கும். மகனின் நெஞ்சமோ பிறந்தது முதல் ரொறன்ரோ அணிக்கே சொந்தம். வில்லங்கம் இங்கேதான் முளைக்கிறது.

திங்களன்றே ஒரு செய்தி வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் அணி டொஃபொலியை வன்கூவர் அணிக்குக் கொடுத்துவிட்டது. இரண்டே நாளுக்கு முன்னர், கொலராடோவில் திறந்தவெளியில் நடந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் அவர். வீடு வாசலை விட்டு ஆயிரம் மைலுக்கப்பால் அவர் பெட்டி கட்டவேண்டும். கடதாசியிலோ அணியின் பெயரை அடித்து வேறு பெயர் எழுதினாற் போதும். மகனுக்கு மகிழ்ச்சி. வன்கூவரில் இளமையும் வேகமும் உடையவர் பலர். அவர்களோடு சேர்ந்தால் டொஃபொலிக்குக் கோல் கூடும்.

செவ்வாயன்று ரொறன்ரோ அணி பிற்ஸ்பேர்க்கிடம் 5க்கு 2 என்று தோற்றது. வியாழனன்று அதே அணியைத் தன் களத்தில் 4க்குச் சுழி என்று மடக்கிற்று. புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

தந்தையின் கவலை ஒவெச்கினைப் பற்றியது. 698 கோல்களில் வந்து நின்ற அம்மனிதர் ஐந்து ஆட்டங்களாக ஒரு கோலும் போடவில்லை. கற்பனை அணியினருக்கு இத்தகைய வறட்சி பெருஞ் சோதனை. பட்டியலிலிருந்து இறக்கிவிடலாமா, வேறொருவருக்கு மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். பொறுத்தவருக்கு வியாழனன்று பலன் கிடைத்தது. மொன்றியலில் 699ஆவது கோல். சனிக்கிழமை நியூ ஜேர்சியில் 700ஆவது. அவ்வெல்லையை எட்டியவர் அதற்கு முன் ஏழே பேர். ஆனால் வாஷிங்ரன் அவ்விரு ஆட்டங்களிலும் தோற்றது. சனியன்று 3க்கு 2. கடதாசியோ தோல்வியை அறியாது. அதற்குக் கோல் ஒன்று, அவ்வளவே. (இதே ஒவெச்கின் 2025 ஏப்பிரலில் 895ஆவது கோல் போட்டு, கிரெட்ஸ்கியின் 894 என்ற சாதனையையும் கடந்தார்.)

அச்சனிக்கிழமை மாலை ரொறன்ரோவுக்கும் கரோலினாவுக்கும் ஆட்டம். மகனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோ வெல்லவேண்டுமென்று நெஞ்சு கூவுகிறது. கரோலினாவின் கோல் காப்பாளர் வெல்லவேண்டுமென்று கடதாசி கேட்கிறது. ஒரு கோல் விழுந்தால் எழுந்து துள்ளுவதா, இருந்தபடி முணுமுணுப்பதா?

கரோலினாவுக்கு முதலில் நின்ற ஜேம்ஸ் ரைமர் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் காயமுற்று வெளியேறினார். மிராசெக் உள்ளே வந்தார். மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டாம் பகுதியில், கோல் வாயிலை விட்டு வெகு தூரம் வந்து வட்டை விலக்க முயன்ற மிராசெக்கும் எதிரணி வீரர் ஒருவரும் முழு வேகத்தில் மோதிக்கொண்டனர். மிராசெக் பனியிற் கிடந்தார்.

அந்நொடியில் மகனின் வாயில் முதலிற் பிறந்த சொல் எது? “ஐயோ, அந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது” என்பதா? “ஐயோ, என் வெற்றி போயிற்றே” என்பதா? கற்பனை அணி ஆடியவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

இரு காப்பாளரும் வீழ்ந்தால் என்ன செய்வது? இதற்கென்றே அந்நாளிற் கழகத்தில் ஒரு விதி இருந்தது. எந்த அரங்கில் ஆட்டம் நடந்தாலும், தேவைப்படும் பக்கத்துக்கு நிற்பதற்காக உள்ளூர்க் காப்பாளர் ஒருவர் அங்கே வந்து காத்திருக்கவேண்டியிருந்தது. பெரும்பாலும் அவர் ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். அன்று காத்திருந்தவர் டேவிட் அயர்ஸ். வயது 42. பனித்தளத்தைச் சுரண்டிச் சமன்செய்யும் வண்டியை ஓட்டிப் பழகியவர். ரொறன்ரோ வீரர்கள் பயிற்சி செய்யும்போது அவர்களுக்கு எதிரே நின்று வட்டுத் தடுத்துக் கொடுப்பவரும் அவரே. 2004ஆம் ஆண்டில் அவரது சிறுநீரகம் செயலிழந்தபோது, தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்து உயிர் காத்தவர் அவரைப் பெற்ற தாய். அவர் அந்நாளிற் கடமையாற்றிய இடமும் குறிப்பிடத்தக்கது. 1931இல் திறக்கப்பட்டு 1999 வரை ரொறன்ரோ அணியின் தாய்மனையாக விளங்கிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்னும் பழைய அரங்கம் அது. இப்போது அதன் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை. மேலே பல்கலைக்கழக மாணவரின் பனித்தளம்.

கரோலினாவின் மேற்சட்டையை அணிந்து, ரொறன்ரோக் கழகத்தின் நிறங்கொண்ட தலைக்கவசத்தோடு, 90 என்ற இலக்கத்துடன் அயர்ஸ் பனிக்கு வந்தபோது கரோலினா 3க்கு 1 என்று முன்னணியில் இருந்தது. அவரை நோக்கி வந்த முதல் எறி கோலாயிற்று. இரண்டாம் எறியும் கோலாயிற்று. அரங்கு முழுவதும் ஆரவாரம். இதற்கிடையில் கரோலினா ஒரு கோல் கூட்டியிருந்ததால் 4க்கு 3. இடைவேளை வந்தது.

மூன்றாம் பகுதியில் நடந்ததை ரொறன்ரோ மக்கள் இன்றும் முகஞ் சுளித்தே கூறுவர். அயர்ஸின் முன்னே கரோலினா வீரர்கள் அரண்போல் நின்றனர். அரணைத் தாண்டி வந்தவற்றை அவர் ஒன்றும் விடாது தடுத்தார். மொத்தம் பத்து எறிகளில் எட்டைத் தடுத்தார். அவரோடு பயிற்சியில் வேடிக்கை பேசிய ரொறன்ரோ வீரர்களால் அதற்குமேல் ஒரு கோல் போட முடியவில்லை. கரோலினா 6, ரொறன்ரோ 3. உடைமாற்றும் அறைக்கு வந்த அயர்ஸை அணியினர் தண்ணீரால் நனைத்துக் கூத்தாடினர்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அணி இறுதியில் வெல்வதற்குக் காரணமான கோல் விழுந்தபோது எவர் காப்பாளராக நின்றாரோ அவர் பெயரிலேயே வெற்றி எழுதப்படும். ரொறன்ரோ மூன்றோடு நின்றதால் கரோலினாவின் நான்காவது கோலே அக்கோல். அது அயர்ஸ் வந்த பின் விழுந்தது. ஆகவே வெற்றி அயர்ஸுக்கு. மிராசெக்கை வைத்திருந்த மகனுக்கு ஒன்றுமில்லை. ரைமரை வைத்திருந்தவருக்கும் ஒன்றுமில்லை. அன்று காலை அயர்ஸ் எவருடைய பட்டியலிலும் இல்லை. மாதக்கணக்காகப் புள்ளிவிபரங்களைக் கரைத்துக் குடித்த ஆயிரமாயிரம் பேரின் கண்ணிற்படாத ஒருவர், பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து அவ்வெற்றியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நெஞ்சும் தோற்றுக் கடதாசியும் தோற்ற மகனைத் தேற்ற, தந்தை தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பார் என்று நம்புவோம்.

தந்தையின் புன்னகையும் நெடுநேரம் நீடித்திராது. வன்கூவர் மேற்குக் கரையில் உள்ளது. ரொறன்ரோவுக்கு மூன்று மணித்தியாலம் பிந்தியே அங்கு பொழுது சாயும். அன்றிரவு வன்கூவர் அணி பொஸ்ரனை 9க்கு 3 என்று நொறுக்கிற்று. அப்பருவத்தில் மிகக் குறைந்த கோல்களை விட்டதற்கான பரிசைப் பின்னர் பகிர்ந்துகொண்டவர்கள் ராஸ்க்கும் ஹலாக்கும். அத்தகையவர் வாயிலில் ஒரே இரவில் ஒன்பது! தந்தையின் சராசரி பாழாயிற்று. அதில் இரண்டு கோல் போட்டவர் எவர் என்கிறீர்கள்? மகனின் டொஃபொலி.

இக்களிப்பினிடையே நாம் சொல்லாமல் விடமுடியாத நிகழ்ச்சி ஒன்று, பதினொரு நாளுக்கு முன் நடந்தது. பெப்ரவரி 11ஆந் திகதி, அனஹைம் நகரில், செயின்ற் லூயிஸ் அணியின் பின்வரிசை வீரர் ஜே போமீஸ்ரர் தம் முறை ஆடிவிட்டு வாங்கில் வந்தமர்ந்தார், அப்படியே சரிந்தார். இதயத் துடிப்பு நின்றுவிட்டது. வயது 36. அருகிலிருந்தவர்கள் மின்னதிர்ச்சிக் கருவியால் அவரை மீட்டனர். ஆட்டம் 1க்கு 1 என்ற நிலையில் அப்படியே நிறுத்தப்பட்டது. கற்பனை அணிப் பட்டியல்களில் இதற்கு வேறாக ஓர் அடையாளம் கிடையாது. கணுக்கால் சுளுக்கியவனுக்கும் இதயம் நின்றவனுக்கும் ஒரே எழுத்து: காயம். அவரைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு, காலியான இடத்துக்கு வேறொரு பின்வரிசை வீரரைத் தேடலாம். தேடியவர்களை நாம் கொடியவர் என்று சொல்லமாட்டோம். விதி அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் மகன் அன்று தேடினானா, அல்லது அந்த இடத்தை அக்கிழமை முழுவதும் வெறுமையாக விட்டானா என்பதை அறிந்துகொள்ள நமக்கு விருப்பம் உண்டு. போமீஸ்ரர் உயிர் பிழைத்தார். மீண்டும் ஆடவில்லை, 2021 சனவரியில் ஓய்வை அறிவித்தார்.

நிறுத்தப்பட்ட அந்த ஆட்டம் மார்ச் 11ஆந் திகதி, 1க்கு 1 என்ற அதே நிலையிலிருந்து தொடங்கி, முழு அறுபது நிமிடமும் ஆடி முடிக்கப்பட்டது. மறுநாள் கொள்ளைநோயின் காரணமாகக் கழகம் பருவத்தையே இடைநிறுத்திற்று. கற்பனை அணிகளின் இறுதிப் போட்டிகள் மார்ச் மாதத்தின் பிற்பகுதியிலே நடப்பது வழக்கம். அவ்வாண்டு எத்தனையோ வீடுகளில், எத்தனையோ அலுவலகங்களில், வென்றவர் எவரென்று எழுதப்படாமலே அக்கடதாசிகள் மடித்து வைக்கப்பட்டன.

அயர்ஸ் அன்றிரவு பிடித்த தடி மட்டும் ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழாளர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது.