குப்பைக் கட்டணம்: வசூலிக்க விதி உண்டு, கண்காணிப்பது யார்?

புது தில்லி: வீடு வீடாகக் குப்பை சேகரிப்பதற்குக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு உள்ளது. ஆனால், அக் கட்டணம் நியாயமானதா, செலுத்திய பணத்துக்கு உரிய சேவை கிடைக்கிறதா என்பதை ஆராயும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

நகரக் குப்பைப் பிரச்னை தொடர்பாக அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கை அடுத்து, 2000-ல் மத்திய அரசு முதல்முறையாக விதிகளை வகுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உருவாக்கும் ஒவ்வொருவரும் கட்டணம் செலுத்த வேண்டும் என்றன. சேகரிப்பு முதல் அகற்றுதல் வரையிலான செலவை முழுமையாகவோ, ஓரளவோ ஈடுகட்டுவதே இதன் நோக்கம்.

எவ்வளவு வசூலிப்பது என்பதை மத்திய அரசு நிர்ணயிக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணைப்படி திடக்கழிவு மேலாண்மை நகராட்சிகளின் பணி என்பதால், துணை விதிகள் மூலம் அவையே முடிவு செய்ய விடப்பட்டது.

தில்லியில் எதிர்ப்பு

தில்லியில் 2018-ல் வெளியான துணை விதிகள், 50 சதுர மீட்டர் வரையிலான வீடுகளுக்கு மாதம் ரூ. 50, 200 சதுர மீட்டர் வரை ரூ. 100, அதற்கு மேல் ரூ. 200 என நிர்ணயித்தன. நீண்ட காலம் பெயரளவில் இருந்த இக் கட்டணத்தை 2025 ஏப்ரலில் மாநகராட்சி சொத்து வரியுடன் இணைத்தது. பல காலனிகளில் குப்பை எடுக்கும் தனியாருக்கு ஏற்கெனவே மாதந்தோறும் பணம் கொடுத்து வருவதாகக் குடியிருப்போர் சங்கங்கள் ஆட்சேபித்தன. எதிர்ப்பு வலுக்கவே, கட்டணத்தைக் கைவிடுவதாக அறிவிக்கப்பட்டது.

பெங்களூரிலும் 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியுடன் இக் கட்டணம் சேர்க்கப்பட்டது. 600 சதுர அடி வரை மாதம் ரூ. 10-ல் தொடங்கி, 4,000 சதுர அடிக்கு மேல் ரூ. 400 என விகிதம் அமைந்தது. சொத்து வரியுடன் கழிவு மேலாண்மைக்கான தீர்வை ஏற்கெனவே இருக்கையில் இது இரட்டை வசூல் என மக்கள் புகார் கூறினர். சென்னை மாநகராட்சியும் 2021 ஜனவரி முதல் வசூலிப்பதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி வைத்தது.

மின்சாரத்துக்கு உண்டு

மின் கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு செய்ய வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவிட முடியும். குப்பை விஷயத்தில் சேவை அளிப்பதும், கட்டணம் நிர்ணயிப்பதும், வசூலிப்பதும் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆய்வு நடந்தாலும், அது பணம் செலவான பிறகே நடைபெறுகிறது.

அதே நேரத்தில், கட்டணமே கூடாது என்பதும் தீர்வாகாது. குப்பை லாரிகளுக்கும், பதப்படுத்தும் ஆலைகளுக்கும், தொழிலாளர் ஊதியத்துக்கும் ஏதேனும் ஒரு வழியில் பணம் வந்தாக வேண்டும்.

வழிகாட்டும் இரு முயற்சிகள்

புனேயில் குப்பை பொறுக்குவோரே உறுப்பினர்களாக உள்ள 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பின் தொழிலாளர்கள், வீடுகளில் குப்பையைப் பெற்று மாதக் கட்டணத்தையும் நேரடியாக வாங்குகின்றனர். எனவே, சேவையில் குறை இருந்தால் வீட்டார் உடனே கேட்க முடிகிறது. அதேபோல, வீட்டார் பணம் தராவிட்டால் அத் தொழிலாளியின் வருவாய் குறைகிறது.

கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் அடங்கிய 'ஹரித கர்ம சேனை' வீடுகளில் மக்காத குப்பையைச் சேகரிக்கிறது. வீட்டில் ஒட்டப்பட்ட குறியீட்டைச் செல்போனில் பதிவு செய்வதால், எந்த வீட்டில் எப்போது குப்பை எடுக்கப்பட்டது என்பது கணக்கில் ஏறுகிறது.

2016-ம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2026 ஜனவரியில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என இவை கூறுகின்றன. இதனால் குடும்பங்களின் கடமை கூடுகிறது. வசூலான தொகை, செலவு, குப்பை எடுக்கப்பட்ட நாள்கள் ஆகியவற்றை வார்டு வாரியாக வெளியிட்டு, கட்டணத்தை உயர்த்தும் முன் மக்கள் கருத்தைக் கேட்பது நகராட்சிகளின் கடமையானால்தான், வீட்டு வாசலில் கேட்கப்படும் கட்டணத்துக்கு எதிர்ப்பு குறையும்.