சொகுசுக் காரின் உள்ளே யாருடைய மரபு?

விலையுயர்ந்த செடான் கார்களின் விளம்பரங்களில் எஞ்சினைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது. இருக்கையின் தோல், முகப்புப் பலகையில் பதித்த மரம், கால் புதையும் விரிப்பு ஆகியவையே இன்று முன்னிறுத்தப்படுகின்றன. மின்சாரக் கார்கள் வந்தபிறகு இந்தப் போக்கு மேலும் வலுத்திருக்கிறது. எல்லா மோட்டார்களும் ஓசையின்றி ஓடும் என்றால், ஒரு காரை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்ட மிஞ்சியிருப்பது உள்ளறைதான். அந்த உள்ளறையை விற்கும்போது நிறுவனங்கள் அடிக்கடி கையாளும் சொல் ‘மரபு’.

இந்த மரபு யாருடையது? அதற்கு வாங்குபவர் தரும் விலை யாருக்குப் போகிறது? அதன் இழப்பை யார் சுமக்கிறார்கள்? தமிழ்நாட்டுக்கு இவை இப்போது அவசரமான கேள்விகள். 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவிக்கப்பட்ட முதலீடு ரூ.9,000 கோடி. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே உருவாகும் என்றார்கள். மரமும் தோலும் இழைந்த ஆங்கிலேய உள்ளறைக்கு உலகப் பெயர் பெற்ற ஒரு நிறுவனம், தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்போன மாவட்டத்துக்கு வருகிறது.

நான் வசிக்கும் பர்லியார், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில் உள்ள சிற்றூர். அரசுப் பழப்பண்ணையும் மங்குஸ்தான் விற்கும் கடைகளும் இதன் அடையாளம். கோடைப் பருவத்தில் உதகைக்கு ஏறும் கார்கள் இங்கே சற்று இளைப்பாறுவது வழக்கம். கதவு திறந்து நிற்கும் கார்களின் உட்புறத்தைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். விலை மிகுந்த காரில் அசல் மரமும் அசல் தோலும் இருக்கின்றன. விலை குறைந்த காரில் மரம்போல அச்சிட்ட பிளாஸ்டிக்கும், தோல்போலத் தையலிட்ட ரெக்ஸினும் இருக்கின்றன. பொருள் வேறு, கனவு ஒன்றுதான். குளிர்நாட்டுக் கனவான் ஒருவரின் வாசிப்பறையே அந்தக் கனவு.

வண்டியோட்டியின் தோல், எசமானரின் துணி: இந்தக் கனவுக்கு நாம் எண்ணும் அளவுக்குத் தொன்மை கிடையாது. ஐரோப்பாவின் குதிரை வண்டிகளில் தோல் இருக்கை வண்டியோட்டிக்கு உரியது. அவர் மழையிலும் பனியிலும் திறந்தவெளியில் அமர்ந்தவர்; நனைந்தாலும் கெடாத பொருள் அவருக்குத் தேவைப்பட்டது. உள்ளே அமர்ந்த எசமானருக்குக் கம்பளித் துணியும் வெல்வெட்டும் பட்டும். தொடக்ககாலப் பெரிய கார்களிலும் இதுவே நடைமுறை: முன்னிருக்கை தோல், பின்னிருக்கை துணி. காரின் உரிமையாளர் தாமே ஓட்டத் தொடங்கிய பிறகுதான் தோலுக்குத் தகுதி உயர்ந்தது. ஜப்பானியர் பழைய வழக்கத்தை இன்னும் விடவில்லை. 1967-இல் அறிமுகமான டொயோட்டா செஞ்சுரி, அந்நாட்டின் மிக உயர்ந்த பதவிகளில் இருப்போர் பயணிக்கும் கார். அதில் கம்பளித் துணி இருக்கைக்கே மதிப்பு அதிகம். தோல் உராயும்போது எழும் ஓசை மரியாதைக் குறைவு என்பது அவர்கள் கருத்து.

மரத்தின் கதையும் இத்தகையதே. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1976-இல் எஸ்டி1 என்ற செடானைக் கொண்டுவந்தபோது, மரத்தைக் கைவிட்டுப் புதுமையான பிளாஸ்டிக் முகப்பைப் பொருத்தியது. விலை உயர்ந்த பிற்கால வகைகளில் மரம் திரும்பி வந்தது. 1998-இல் அறிமுகமான ரோவர் 75, வெளிர்மஞ்சள் முள்தட்டுகளும் மரப்பலகையுமாக ஐம்பதுகளின் தோற்றத்தையே மீட்டெடுத்தது. மரபு என்பது தானாகத் தொடர்ந்து வருவதன்று. விற்பனைக்கு ஏற்பக் கைவிடப்பட்டு, மீண்டும் எடுத்துக்கொள்ளப்படுவது.

எஸ்டி1-க்குத் தமிழ்நாட்டிலும் ஓர் அத்தியாயம் உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1985-இல் அதே உடலமைப்பில் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை வெளியிட்டது. உள்ளே வைத்தது பழைய தலைமுறை எஞ்சின். மூன்றாண்டுகளில் உற்பத்தி நின்றுபோனது. தோற்றத்தை மட்டும் கடன்வாங்கினால் சந்தை ஏமாறாது என்பதற்கு அது நம் வீட்டருகிலேயே கிடைத்த பாடம்.

கரண்டியின் பொருளியல்: நகல் பிளாஸ்டிக் இவ்வளவு நேர்த்தியாக வந்த பின்னும் அசல் மரத்துக்கு ஏன் கூடுதல் விலை? அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை உண்டு. கையால் செய்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரம் வார்த்த மலிவான கரண்டியையும் ஒப்பிட்டார் அவர். சாப்பிடுவதற்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், வெள்ளிக் கரண்டியில் நாம் காணும் அழகின் பெரும்பகுதி, அதன் விலை நமக்குத் தெரிந்திருப்பதால் உண்டாவது என்றார். வகுப்பறையில் இதை விளக்க நான் கார் முகப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

காரில் இருப்பது மரக்கட்டை அன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மரச்சீவல். விபத்தில் சிம்பு சிம்பாகத் தெறிக்காதிருக்க, அதை அலுமினியத் தகட்டின் மீதோ மெல்லிய அடுக்குகளின் மீதோ ஒட்டி, பலமுறை மெருகு பூசித் தேய்க்கிறார்கள். ஒரே மரத்தின் அடுத்தடுத்த சீவல்களைப் புத்தகம் விரித்ததுபோல் இருபுறமும் வைத்து, ரேகைகள் ஒன்றையொன்று பிரதிபலிக்கச் செய்வது உயர்ந்த வேலை. தோலிலும் இப்படித்தான். முள்வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த, கீறல் இல்லாத மாட்டுத்தோலே தங்களுடையது என்று ஐரோப்பிய நிறுவனங்கள் பெருமை பேசுகின்றன. நம் மாடு உழைத்த மாடு. நுகத்தடியின் தழும்பும், சூடு வைத்த குறியும், உண்ணி கடித்த வடுவும் அதன் தோலில் இருக்கும். அதனால் தரவரிசையில் கீழே இறங்கும். உழைப்பின் அடையாளம் குறையாகவும், உழைக்காத உடலின் வழவழப்பு சிறப்பாகவும் எண்ணப்படுவதுதான் இச்சந்தையின் இலக்கணம். வெப்லன் இருந்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

மலையும் ஆறும் கொடுத்த விலை: இந்த ரசனைக்கான செலவு விற்பனைச் சீட்டில் முழுவதும் இடம்பெறுவதில்லை. ஆங்கிலக் கார்களில் வால்நட் மரமே மிகுதி. எனினும், அதே வரவேற்பறை ரசனைதான் நம் ஈட்டி மரத்தையும் ஐரோப்பிய அறைகலன் சந்தைக்குக் கொண்டுசென்றது. கூடலூர் உள்ளிட்ட பகுதிகளில் எஞ்சியிருந்த ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1994-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்தின் பன்னாட்டு வணிகமும் 2017 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

தோலுக்கு நீலகிரி கொடுத்தது இன்னும் அதிகம். தோல் பதனிடத் தேவையான துவர்ப்புச் சத்து சீகை மரப்பட்டையில் உண்டு. அதற்காகவே ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரம் இம்மலையின் உயரமான புல்வெளிகளில் பெருமளவு நடப்பட்டது. பட்டையிலிருந்து பதனிடு சாறு எடுக்கும் ஆலை மேட்டுப்பாளையத்தில் இயங்கியது. பட்டைக்கான தேவை குறைந்தது. மரமோ பரவிக்கொண்டே போனது. சோலைக்காடுகளுக்கு இடையே நீரைத் தேக்கிவைத்திருந்த புல்வெளிகளை அது விழுங்கியது. இன்று அதை அகற்ற அரசு செலவிடுகிறது. நட்டவருக்கு வருவாய், அகற்றுபவருக்குச் செலவு. இதைத்தான் பொருளியலில் புறவிளைவு என்கிறோம்.

சமவெளியில் பாலாறு இதைவிடக் கடுமையான சாட்சி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. பதனிடும் தொழிலுக்கான வேதிப்பொருள் செய்த குரோமேட் ஆலை மூடப்பட்ட பின்னும், அது விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் நஞ்சாக்கியது. கிணறு கெட்டுப்போன உழவருக்குச் சொகுசுக் காரின் விலையில் பங்கு இல்லை.

வெள்ளைத் துண்டின் அறிவு: நமக்கென்று ஒரு சொகுசு மரபு இருந்ததில்லையா? இருந்தது. வில்வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, திண்டு வைத்து, பாயால் வளைத்த கூண்டின்கீழ் பயணம் செய்தவர்கள் நம் முன்னோர். வைக்கோல் அதிர்வைத் தாங்கியது. கூண்டின் பாய் வெயிலைத் தடுத்து, காற்றை விட்டது. இதே அறிவு அம்பாசடர் காரிலும் தொடர்ந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உருவான அந்தக் காரின் ரெக்ஸின் இருக்கை, வெயிலில் நின்றால் தோசைக்கல்போல் சுடும். அதன்மேல் வெள்ளைத் துண்டு விரித்தார்கள். அது வியர்வையை உறிஞ்சியது. நாள்தோறும் துவைக்கவும் முடிந்தது. காலப்போக்கில் அமைச்சர், ஆட்சியர் கார்களின் அதிகாரச் சின்னமாக மாறி, கேலிக்கும் ஆளானது. அதிகாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வெப்ப நாட்டுக்குப் பருத்தியே ஏற்றது என்ற எளிய உண்மை அதில் இருக்கிறது.

இன்று என்ன செய்கிறோம்? குளிர்நாட்டுத் தோலை இருக்கையில் போர்த்துகிறோம். அது சுடுகிறது என்பதால் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இட்டு, உள்ளே விசிறி பொருத்தி, ‘காற்றோட்ட இருக்கை’ என்று கூடுதல் விலைக்கு வாங்குகிறோம். மறுபுறம், விலங்குத் தோலை மறுக்கும் புதிய ரசனை ‘வீகன் லெதர்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி, பாலியூரித்தேன் பூசிய துணி. அம்பாசடரின் ரெக்ஸின் புதுப்பெயர் சூட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

இந்திய வாடிக்கையாளருக்காகக் காரையே மாற்ற இந்நிறுவனங்கள் தயங்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் சொகுசு செடானின் உரிமையாளர் பெரும்பாலும் பின்னால் அமர்பவர். அதற்காகவே மெர்சிடிஸ் பென்ஸ் 2017-இல் இ-கிளாஸ் காரையும், பிஎம்டபிள்யூ 2024-இல் 5 சீரிஸ் காரையும் நீட்டித்து இங்கே விற்கத் தொடங்கின. பின்னது செங்கல்பட்டு அருகே உள்ள ஆலையில் உருவாகிறது. பின்னிருக்கையின் நீளத்தை நமக்காக மாற்றுபவர்கள், அதன் மேலுறையையும் மாற்றக்கூடும். நாம்தான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது என்ன? தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தைச் சீவினால், பட்டுபோல் மின்னும் அழகிய ரேகைகள் தெரியும். அது காட்டை அழித்து எடுக்கும் மரமன்று. நட்டு வளர்த்து வெட்டுவது. இன்று பெரும்பாலும் ஒட்டுப்பலகைக்கே போகிறது. தேங்காய் நாரை ரப்பர் பாலுடன் சேர்த்து இறுக்கிய மெத்தையை ஜெர்மானியக் கார் நிறுவனங்கள் இருக்கைகளில் பயன்படுத்தியிருக்கின்றன. பொள்ளாச்சிக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் எது? பத்தமடைக் கோரைப்பாயும் பவானி ஜமுக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை. தாவரத் துவர்ப்பால் பதனிடும் நம் பழைய ‘கிழக்கிந்தியத் தோல்’ முறையும் இருக்கிறது. சீகையின் அனுபவத்தை மறவாமல் அதை வளர்க்க வேண்டும்.

இவற்றை அப்படியே காரில் ஒட்டிவிட முடியாது. தீப்பற்றாமை, உராய்வு, வெயிலில் நிறம் மங்காமை, மூடிய காரில் நெடி எழாமை எனப் பல சோதனைகள் உண்டு. அவற்றைத் தனி நெசவாளரோ பாய் முடைபவரோ தம் செலவில் கடக்க இயலாது. ஆனால், கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் உண்டு. மூன்றையும் கைவினைஞர் கூட்டுறவுகளுடன் இணைத்து, சோதனைச் செலவை அரசு ஏற்பது பெரிய தொகையாகிவிடாது. கார் ஆலைகளுக்குத் தரும் சலுகைகளில், உள்ளறைப் பொருள்களில் ஒரு பங்கை இங்குள்ள சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம்.

வரிக் கொள்கைக்கும் இதில் இடம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. எது சிறியது, எது பெரியது என்பதை முடிவு செய்பவை 4 மீட்டர் நீளமும் எஞ்சினின் கொள்ளளவும். காரின் உள்ளே இருக்கும் பொருள் எந்த ஆற்றைக் கெடுத்து வந்தது, எந்தக் காட்டை வெட்டி வந்தது என்று அந்த வரி கேட்பதில்லை. கேட்கும் காலம் வர வேண்டும்.

சொகுசை வெறுத்தொதுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. நல்ல கைவேலைக்கு நல்ல விலை கொடுப்பவர் இருக்கும்வரைதான் கைவினைஞர் பிழைப்பார். அந்த விலையில் பாதியேனும் வேலை செய்த கைக்கும், பொருள் தந்த மண்ணுக்கும் திரும்ப வேண்டும் என்பதே வாதம். பனப்பாக்கத்தில் உருவாகும் கார்கள் ஆங்கிலேயரின் வாசிப்பறையை மட்டும் சுமந்துகொண்டு வெளியேறினால், ராணிப்பேட்டைக்கு மிஞ்சுவது பூட்டும் வேலையும் பழைய கழிவும்தான். அவற்றின் இருக்கையிலும் முகப்பிலும் இந்த மண்ணின் பருத்தியும் நாரும் மரமும் இடம்பெற்றால், இன்னொரு தலைமுறை அதையே மரபு என்று அழைக்கும்.