மாசி வீதியில் ஒரு கேமரா

மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் டிரைப் 1858இல் மதுரையைப் படம் பிடித்தார். முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ். புது மண்டபமும் நாயக்கர் மகாலும் கல்லின் சொரசொரப்பு தெரியப் பதிந்தன. ஆனால் அந்தக் காகிதத்தில் ஒளி பதியச் சில நிமிடங்கள்கூட ஆகும். கல் அசையாமல் நின்றது. நடந்து போனவர்கள் தடமில்லாமல் போனார்கள்.

தெருப் புகைப்படக் கலை பிறக்க, இந்தத் தாமதம் ஒழிய வேண்டியிருந்தது. 35 மி.மீ. ஃபிலிம் போடும் கையடக்கமான லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கேமராவால் பேர்பெற்ற பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950இல் மதுரைத் தெருவில் நின்று மனிதர்களை எடுத்தார்.

இன்று வேகம் எல்லோர் கையிலும் இருக்கிறது. சிக்கல் வெளிச்சம்தான். மதுரையில் அதை ஊரின் அமைப்பே பங்கு போட்டுக் கொடுக்கிறது. கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். கீழ மாசி வீதி தெற்கு வடக்காக ஓடுவதால், காலையில் மேற்குச் சாரிக் கடைகளில் வெயில் விழும். எதிர்ச்சாரி நிழலில் கிடக்கும். மளிகை மூட்டை ஏற்றிய வண்டி நிழலை விட்டு வெயிலுக்கு வரும் இடம் பார்த்து நின்றால் போதும், யாரையும் துரத்த வேண்டாம். தெற்கு மாசி வீதியோ கிழக்கு மேற்கு. அங்கே காலையில் கிழக்கே பார்த்து எடுத்தால் ஆட்கள் கறுப்பு உருவங்களாகத்தான் விழுவார்கள். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும். நீலத் தார்ப்பாய் கட்டிய கடைக்குள் புளி விற்பவர் முகமும் நீலமாகிவிடும். அந்த நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஜிகர்தண்டா குடிக்கலாம்.

நெரிசலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஃபோகஸ் திருகிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். அனுபவசாலிகள் அதை முன்பே பூட்டிவிடுவார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 8, ஃபோகஸ் மூன்றேகால் மீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மீட்டர் சொச்சத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு இருந்தால் நடப்பவர் உறைந்து நிற்பார். எட்ட நின்று ஜூம் போட்டு எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. அது ஒளிந்து பார்ப்பது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. விடியுமுன் வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு மல்லியை அள்ளித் தராசில் போடுவார். முள் நின்ற பிறகு கொசுறாக இன்னும் நாலு பூ. அந்தக் கையை நிறுத்த 500இல் ஒரு பங்கு வேண்டும். ஆனால் நம் மின்சாரம் 50 சுழற்சி. அங்குள்ள விளக்குகளில் பல நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். 100இல் ஒரு பங்குக்கு இறங்குவதே வழி. கை சற்றுக் கலங்கும், முகம் நிற்கும். எனக்கு அந்தக் கலங்கல்தான் பிடிக்கும். செல்போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால், டிரைப்பின் பழைய தொல்லை திரும்பி வந்து கைகள் கரைந்துவிடும்.

“எந்தப் பேப்பர்ல வரும் தம்பி?” என்று பூக்கார அம்மா கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். “ஓரம், ஓரம்” என்று மூட்டையோடு வருபவருக்கு முதலில் வழிவிடுங்கள். அவர் கூலி நடையில் இருக்கிறது, நம் படத்தில் இல்லை.

எடுத்த படத்தோடு இடம், தேதி, அன்றைய பூ விலை ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். புது மண்டபத்துச் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூணோரம் துணி தைத்த காட்சியை இனிப் பழைய படங்களில்தான் பார்க்க முடியும்.