இடைநிலை வகுப்புகளிற் சுகாதாரக் கல்வி: கோப்பாய்ச் சூழலை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் உடல்நலம் பற்றி எழுந்த தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்று, பாடசாலை மாணவரை மனத்திற்கொண்டு எழுதப்பெற்ற நூலொன்றின் மொழிபெயர்ப்பாகும். 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் 1852இல் வெளிவந்த 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பதே அது. அதன் மூலநூலாசிரியரான கல்வின் கற்றர் அமெரிக்கக் கல்விக்கூடங்களின் பயன்பாட்டைக் கருதியே தமது நூலை இயற்றினார். கிறீனின் வைத்தியத் தமிழ்ப் பணி குறித்து ஆராய்ந்தோர் பெரும்பாலும் மருத்துவக் கல்வியையே முதன்மைப்படுத்தினர். பாடசாலைக் கல்வியோடு அதற்குள்ள உறவு போதிய கவனம் பெறவில்லை.

நூற்பெயரின் மூன்று கூறுகளும் நோக்கத்தக்கவை. அங்காதிபாதம் உடலின் அமைப்பையும், சுகரணவாதம் உறுப்புகளின் தொழிலையும், உற்பாலனம் நலத்தைப் பேணும் முறையையும் குறித்தன. மூன்றாவது சொல் வழக்கொழிய, அவ்விடத்தைச் 'சுகாதாரம்' என்னும் சொல் பெற்றது. பாலனம் என்பது காத்தல். யார், எதனை, எதினின்றும் காப்பது என்னும் வினாவை அப்பழைய சொல் தன்னுள்ளே கொண்டிருந்தது. இன்றைய வகுப்பறையில் நாம் இழந்திருப்பது சொல்லை மட்டுமன்று, அவ்வினாவையுமே என்று தோன்றுகிறது.

இலங்கைப் பாடசாலைகளில் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரையுள்ள கனிஷ்ட இடைநிலை மாணவர்க்குச் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' ஒரு பாடமாக உள்ளது. உணவு, தூய்மை, வளர்ச்சி, நோய்த்தடுப்பு, முதலுதவி, உடற்பயிற்சி ஆகிய யாவும் அதில் அடங்கும். பாடநூல் நாடு முழுமைக்கும் ஒன்றே, அவ்வாறிருத்தல் தவறன்று. ஆயின் பொதுநூலை ஊரோடு பொருத்திக் காட்டவேண்டிய பொறுப்பு ஆசிரியருடையது. கோப்பாயை எடுத்துக்கொண்டால் அப்பொருத்தம் எவ்வளவு இன்றியமையாதது என்பது புலனாகும்.

வலிகாமத்தின் ஏனைய பகுதிகளைப் போன்றே கோப்பாயும் சுண்ணக்கற் பாறைமீது அமைந்த ஊர். ஆறில்லை; குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரையே. சுண்ணக்கல் துளையும் வெடிப்பும் உடையதாகலின், மேலே இட்டது கீழே இறங்கத் தடை குறைவு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவும், மலக்குழியிலிருந்து கசிவதும், மாட்டுக்கொட்டிற் கழிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய நீரிற் கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழத்தல் கூடும்.

'நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக' என்பது மாணவன் நன்கறிந்த விதி. நெருப்புக்காய்ச்சல் கண்டுவரும் யாழ்ப்பாணத்தில் அது உயிர்காக்கும் விதியுமாகும். ஆனால் கொதித்தல் கிருமியைக் கொல்லுமேயன்றிக் கரைந்துள்ள நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாகிக் குறைய அதன் செறிவு சற்றே உயரவும் செய்யும். எனவே காய்ச்சிய நீர் யாவும் தூயநீர் என்று எண்ணும் மாணவனுக்கு நாம் பாதியையே கற்பித்தோம். எட்டாந்தர மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வளவின் படத்தை வரைந்து, கிணறு, மலசலகூடம், கொட்டில், தோட்டம் ஆகியவற்றிடையேயுள்ள தூரத்தைக் காலடியால் அளந்து குறிக்கட்டும். செலவற்ற இப்பயிற்சி ஒரு பாடவேளையில் விளக்குவதைப் பத்துப் பக்கக் குறிப்பு விளக்காது. வேலிக்கு அப்பாலுள்ள அயல்வீட்டுக் குழியும் அப்படத்தில் இடம்பெறல் வேண்டும். நிலத்தடி நீருக்கு வேலியில்லை.

புகையிலை பற்றிய பாடம் இதனினும் சிக்கலானது. நெடுங்காலம் யாழ்ப்பாணத்தின் பணப்பயிராக விளங்கிய புகையிலை, திருவிதாங்கூர் வரை விலைபோனது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப்பொருள் விற்பதைத் தடைசெய்தது. ஆனால் புகையிலை விற்ற பணத்திற் கொப்பி வாங்கிய பிள்ளையின்முன் ஆசிரியர் நின்று, அது நஞ்சு என்று மட்டும் கூறி அமைதல் தகுமா? வாய்ப்புற்றுநோயின் காரணத்தை மறைக்கவும் கூடாது. தந்தையின் உழைப்பை இழித்துரைக்கவும் கூடாது. பயிர் வேறு, பழக்கம் வேறு எனத் தொடங்கி, மாற்றுப்பயிர் பற்றிய வினாவுக்கு வகுப்பை இட்டுச்செல்லுதல் ஒரு வழியாகும்.

தடுப்பூசி குறித்து இங்கு விரித்துரைத்தல் வேண்டா. ஆறாந்தர மாணவியர்க்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஏற்றப்படுகிறது. ஊசி ஏன் என்பதை ஏற்றப்படுவதற்கு முதல்நாளே வகுப்பிற் கூறுதல் போதும்.

பூப்புப் பற்றிய பாடமே பெரும்பாலும் கைவிடப்படுவது. 'வீட்டில் வாசியுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கம் புதியதன்று. வியப்பென்னவெனில், இதே சமூகம் அந்நிகழ்வை மறைப்பதில்லை. உற்றார் உறவினரை அழைத்துச் சாமத்தியச் சடங்காகக் கொண்டாடுகின்றது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுக்கும் பாட்டியிடம் ஒருவகை உற்பாலனம் இருந்தது. உளுந்தின் புரதத்தை ஏற்றுக்கொண்டு, பச்சை முட்டையால் வரக்கூடிய தொற்றை எடுத்துரைத்து, சடங்கு விளக்காத உடலியல் மாற்றங்களை ஆசிரியர் அங்கிருந்தே தொடங்கலாம். ஆண்பிள்ளைகளையும் வகுப்பில் இருத்தியே இதனைக் கற்பித்தல் நன்று. அவர்களை வெளியே அனுப்பினால், பரிகாசத்துக்குரிய பொருள் இதுவென நாமே அறிவித்ததாக முடியும்.

ஆசிரிய கலாசாலையும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் கோப்பாயிலேயே அமைந்துள்ளன. அயற் பாடசாலைகளுக்குக் கற்பித்தற் பயிற்சிக்காகச் செல்லும் ஆசிரிய மாணவர், முதல் வாரத்தில் அப்பாடசாலையின் கிணற்றையும் மலசலகூடத்தையும் சிற்றுண்டிச்சாலையையும் பார்த்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் உரையாடி, அதன்பின் தமது பாடக்குறிப்பை எழுதுவாராயின், அக்குறிப்பின் முதல் வினா கிணற்றடியிலிருந்தே எழும்.